சந்துக்குள் ஒரு நந்தியாவட்டை

குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும், தானாகப் பூக்கும் என்று சொன்னவர்களையெல்லாம் வரிசையாகக் கொண்டுவந்து இந்தச் சந்தில் நிறுத்தி, எங்கே பூ, காட்டுங்கள் பார்ப்போம் என்று கேட்க வேண்டும் போலிருந்தது உலகம்மாளுக்கு. விடியக்கருக்கல். வாசல் வழியாகச் சுற்றி வந்து, துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, பேரன் பேத்தி எடுத்தவள் திருடனைப் பிடிக்கக் காத்திருக்கிறாள். திருடன் என்றால் நகைத் திருடன் இல்லை, மொட்டுத் திருடன். வெளியில் சொன்னால் பாளையங்கோட்டையே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும், சிரிக்கிறவர்கள் வீட்டில் யாருக்கும் கண் போய்க்கொண்டிருக்கவில்லை. கல்லின் ஈரம் சேலை வழியாக ஏறி இடுப்புவரை குளிர்ந்தது. நேற்று சோப்பு நுரையை ஒழுங்காகக் கழுவி விட்டிருக்கலாம், பிசுபிசுவென்று கிடக்கிறது. எதிரே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மதிலோடு ஒட்டி நந்தியாவட்டை நின்றது. இலையைக் குறை சொல்ல முடியாது. கரும்பச்சை, ஒரு பூச்சிக்கடி கிடையாது, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு, இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து சந்தில் பாதியை அடைத்துக்கொண்டு, துணி காயப்போடப் போனால் சேலையைப் பிடித்து இழுக்கிறது. இலை யாருக்கு வேண்டும்? இலையைத் துவையல் அரைக்கவா முடியும்? நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் குனிந்து தேடியபோது உச்சிக் கிளையின் கவட்டில் இரண்டு மொட்டு இருந்தது. நெல்மணி அளவுதான், ஆனால் மொட்டு, சந்தேகமே இல்லை. தொட்டுப் பார்க்கப் பயந்து கையை எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டும் இன்னும் இருக்கிறதா என்று இப்போது எழுந்துபோய்ப் பார்க்கலாம். எழுந்தால் வளையல் சத்தம் போடும், சத்தம் கேட்டால் வருகிறவன் அப்படியே திரும்பிவிடுவான். வருகிறவனோ வருகிறவளோ. பேசாமல் உட்கார்ந்திரு என்று தன்னையே அதட்டினாள்.

எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குத் தலையை ஆட்டியதால் வந்தது. கண் டாக்டர் என்ன தெளிவாகச் சொன்னார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடிப்போய் நரம்பை அரித்துக்கொண்டிருக்கிறது, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வரும், கடைசியில் குழாய்க்குள் பார்க்கிற மாதிரி நடுவில் கொஞ்சம் மிஞ்சும், பிறகு அதுவும் அடைந்துவிடும். "போன பார்வை போனதுதான்மா. அதை நான் திருப்பித் தர முடியாது. இருக்கிறதைக் காப்பாத்தணும்னா ஆபரேஷன் பண்ணணும், தள்ளிப்போடாதீங்க" என்றார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரன் கண்ணைப் பற்றிப் பேசுகிற மாதிரி, ஆமா ஆமா என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன், அவள் புருஷன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ராத்திரியில் ரோட்டைக் கடக்கிற அரணையைக்கூட நசுக்காமல் ஒதுக்கி ஓட்டியவன் நான் என்று கல்யாண வீடு, துக்க வீடு பார்க்காமல் சொல்லிக்கொள்கிறவர். அந்தக் கண்தான். மறுநாள் காப்பியைக் குடித்துவிட்டு நிதானமாக ஆரம்பித்தார். "நான் வரமாட்டேன்னு சொல்லல ஒலகு. நம்ம வீட்ல ஒரு நந்தியாவட்டைய நடு. அது பூக்கட்டும். மொதப் பூவைப் பிள்ளையாருக்குக் காட்டி, ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டு, அன்னைக்கே கெளம்பி வாரேன். நேந்துக்கிட்டேன், இனி மாத்த முடியாது." கண் எரிந்தால் நந்தியாவட்டைப் பூவை இமை மேல் வைத்துக்கொண்டு படுப்பது ஊர் உலகத்தில் உள்ள வழக்கம்தான், அதில் தப்பில்லை. அவளும் கேட்டாள், "எஸ்தர் டீச்சர் வீட்ல கொத்துக்கொத்தாக் கெடக்கே, அதுல ஒண்ணப் பறிச்சு ஒத்திக்கிட்டா ஆகாதா?" என்று. "எரவல் பூவா? நேர்ச்சைக்கா? நல்லாருக்கே கத" என்று எழுந்து போய்விட்டார். சரி, குச்சியை ஊன்றினால் பூக்கிற செடிதானே, நாலு மாசமோ ஆறு மாசமோ, மனுஷன் வாயால் வருகிறேன் என்று சொன்னதே பெரிது என்று அவளும் சரி சொல்லித் தொலைத்தாள். அதுதான் பிசகு. அந்த இடத்தில் கத்தியிருக்க வேண்டும். அழுதிருக்க வேண்டும். மகள் சொர்ணா திருப்பூரிலிருந்து போனில், "ஏம்மா, பூ பூத்தாத்தான் ஆஸ்பத்திரின்னு அப்பா சொன்னா நீயும் ஒத்துக்கிடுவியா?" என்று கேட்டாள். ஐப்பசி மழையில் நட்டது. இப்போது ஆவணி.

ஐப்பசியில் எஸ்தர் டீச்சர்தான் மதிலுக்கு மேலாகக் குச்சியை நீட்டினாள். பெருவிரல் தடிமனில், முனையில் பால் சொட்டச் சொட்ட. "எக்கா, இதுக்கு ஒரு பண்டுவமும் வேண்டாம். நெழல்லயே வரும். நீங்க மறந்தாலும் அது பூக்க மறக்காது" என்றாள். டீச்சர் வாய் முகூர்த்தம் நல்ல முகூர்த்தம். நட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது என்னவோ உண்மை. தை பிறக்கும்போது புதுக் கிளை விட்டது, பங்குனியில் புதராயிற்று, சித்திரையில் பூத்திருக்க வேண்டும், பூக்கவில்லை. அன்றிலிருந்து ஆரம்பித்த பாடு. நிழல் அதிகம் என்றார்கள். நிழல் அதிகம்தான், டீச்சர் மாடி எடுத்துக் கட்டியதிலிருந்து இந்தச் சந்துக்கு உச்சி வெயில் எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆனால் டீச்சர் வீட்டுச் செடியும் அதே மதிலுக்கு அந்தப் பக்கம், அதே நிழலில்தான் நிற்கிறது. தாய் அது, பிள்ளை இது. தாய் மதில் தாண்டி இந்தப் பக்கம் கிளையை நீட்டி, தினமும் வெள்ளை வெள்ளையாகப் பூவை உதிர்த்து, இவள் பெருக்கி அள்ள வேண்டியிருக்கிறது. வேண்டாதவள் வீட்டில் வேண்டுமென்றே கொண்டுவந்து கொட்டுகிற மாதிரி. அதைப் பெருக்குகிறபோதெல்லாம் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நீ நிழலைச் சொல்லாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினாள். வெங்காயத் தோலை ஊறவைத்து ஊற்றினாள். முட்டை ஓடு, டீத்தூள், காய்ந்த சாணி. தண்ணீர் கூடினால் இலைதான் வரும் என்று ஒருத்தி சொன்னாள், ஒரு வாரம் காயப்போட்டாள், செடி வாடித் தொங்கியதைப் பார்த்துப் பயந்துபோய் ஒரே நாளில் மூன்று வாளி ஊற்றினாள். கவாத்துப் பண்ணு என்று இன்னொருத்தி சொன்னாள், அரிவாளை எடுத்துக்கொண்டு போய் வெட்ட மனசு வராமல் திரும்பி வந்தாள். சொர்ணா ஏதோ பூ உரம் என்று கூரியரில் அனுப்பினாள், பொட்டலத்தில் போட்டிருந்த படத்தில் செடியே தெரியாத அளவுக்குப் பூ. படத்தில் எல்லாம் பூக்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் செடியைப் பார்த்து, "ஏ மூதி, ஒனக்கு என்னதான் வேணும், வாயத் தொறந்து சொல்லேன்" என்று கேட்டேவிட்டாள். மாடியில் குடியிருக்கிற பையன் எட்டிப் பார்த்ததும் வெளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தனைக்கும் அது பூக்காத செடியே இல்லை. போன வாரம் இலைப்புழு இருக்கிறதா என்று கிளை கிளையாகப் புரட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தாள், கவட்டில் மொட்டு வர வேண்டிய இடத்திலெல்லாம் சின்னச் சின்னதாக வெள்ளைப் புள்ளி. பால். உறைந்த பால். நகத்தால் கிள்ளின இடம். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கிளை பாக்கியில்லாமல். பழைய காயம், புதுக் காயம், நேற்றைய காயம். அப்படியென்றால் இந்தச் செடி பூக்கத்தான் செய்திருக்கிறது, சித்திரையிலிருந்து, பாவம், தன்னாலானதைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அதைப் போய் மூதி என்று திட்டியிருக்கிறாள். யாரோ கிள்ளுகிறார்கள். யார்? காலையில் நடக்கப் போகிறவர்கள் கையில் ஒரு கவரும் கொக்கிக் கம்புமாக வருவார்கள், தெருவில் எந்த மதிலுக்கு மேல் பூ தெரிந்தாலும் அவர்கள் சாமிக்குத்தான் சொந்தம். ஆனால் அவர்கள் பூவைப் பறிப்பார்கள், நெல்மணி மொட்டை வைத்துக்கொண்டு எந்தச் சாமிக்கு என்ன செய்வார்கள்? மாடிப் பையனா? அவனுக்கு எழுந்திருக்கவே பத்து மணி ஆகும். டீச்சரா? ச்சீ. நாக்கைக் கடித்துக்கொண்டாள். டீச்சர் அப்படிப்பட்டவள் இல்லை, அப்படிப்பட்டவள் இல்லை என்று எத்தனை பேரைச் சொன்னோம், சும்மா இரு. எறும்பு கிள்ளாது, அணில் கொறித்தால் இலையும் கிழியும். இது நகம்தான். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, பக்கத்து இலைகூட அசையாமல், பதனமாகக் கிள்ளின கிள்ளு. ஆத்திரத்தில் கிள்ளின மாதிரி இல்லை. தினமும் வேலை மாதிரி செய்திருக்கிறார்கள். ஒருவேளை செய்வினை என்கிறார்களே, அதுவோ என்றுகூட ஒரு ராத்திரி நினைத்தாள், பிறகு வெட்கமாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "பாத்தியா, பிள்ளையாருக்கே இஷ்டமில்ல" என்று அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொள்வார்.

சாக்குத்தான். கேட்டால், "ஓரந்தான் கொஞ்சம் மங்கல், மத்தபடி எல்லாம் தெரியுது" என்பார். என்ன தெரிகிறது? காப்பி டம்ளரைக் கையில் எடுக்குமுன் மேஜையை இரண்டு தரம் தட்டிப் பார்க்கிறார், தாளம் போடுகிறாராம். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் அரை மணி நேரம் இருக்கிறார். டிவியில் செய்தி வாசிக்கிறவள் முகத்துக்குக் கீழே ஓடுகிற எழுத்தைக் காணவில்லை என்று சொல்லாமல், "இப்பல்லாம் ஒழுங்காப் போடமாட்டேங்கான்" என்கிறார். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றால் மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "நான் என்ன கொழந்தையா?" முன்பெல்லாம் தினமும் காலையில் அவள் காப்பியோடு வரும்போது, "ஏட்டி, பொட்டு கோணலா இருக்கு" என்பார். நேராக இருந்தாலும் சொல்வார், அவள் கண்ணாடிக்கு ஓட வேண்டும், அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. கல்யாணம் ஆன மறுவாரம் ஆரம்பித்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. நிற்கிற அன்றைக்கு யார் குறித்து வைத்துக்கொள்கிறார்கள்? போன மாசம் ஒருநாள் வேண்டுமென்றே பொட்டைக் கோணலாக வைத்துக்கொண்டு போய் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பொட்டே வைக்காமல், வெறும் நெற்றியோடு காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "சீனி கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார். அவ்வளவுதான். உள்ளே ஓடிவந்து குங்குமத்தை அள்ளி அப்பிக்கொண்டு, பாவி, என்ன காரியம் செய்தோம், என்ன காரியம் செய்தோம் என்று அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருடைய பயம் அவளுக்குத் தெரியாததில்லை. அவர் அப்பாவுக்கு ஏதோ ஒரு கேம்ப்பில் கண் ஆபரேஷன் செய்தார்கள். கட்டைப் பிரித்த அன்றைக்கு, "விளக்கப் போடுங்களேம்ல" என்று கேட்டாராம். நடுப்பகல். அதைச் சொல்லும்போது மட்டும் இவர் குரல் இறங்கிவிடும். அது வேறே, இது வேறே, அந்தக் காலம் வேறே, இந்தக் காலம் வேறே என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பயப்படுகிறவனுக்குப் படம் எதற்கு? பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவள் என்ன கையைத் தட்டிச் சிரிக்கவா போகிறாள்? அதைச் சொல்லமாட்டார். நேர்ச்சை என்பார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இந்த வீட்டில் பழமொழி இல்லை, நடக்கப்போகிற சமாச்சாரம். இந்தச் செடி இன்னும் இரண்டு மாசம் பூக்காவிட்டால், பிறகு எந்தப் பூவைக் கொண்டுவந்து எந்தக் கண்ணில் ஒத்த?

மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சர் வீட்டுச் சேவல் தொண்டையைச் சரிசெய்துகொண்டது. பால்காரன் மணி இன்னும் கேட்கவில்லை. வானம் டீச்சர் மாடிக்கு மேலே சாம்பலாக வெளுத்துவிட்டது, சந்துக்குள் மட்டும் இருட்டு போக மனசில்லாமல் நின்றது. அவளுக்குக் கால் மரத்துப்போயிற்று. பெருவிரலை மடக்கி மடக்கி விட்டாள். இது என்ன பைத்தியக்காரத்தனம், எழுந்துபோய்ப் பாலைக் காய்ச்சு, இன்றைக்கு உளுந்து ஊறப்போட வேண்டும், அவருடைய வேட்டிகளை வேறு தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், ஓரமெல்லாம் பழுப்புப் பழுப்பாகக் கறை. மத்தியானத்தில் முருகையா கடையில் போய் வாழைத்தார்களுக்கு நடுவே உட்கார்ந்து கதை பேசிவிட்டு வருகிறாரே, அங்கே ஒட்டுகிற வாழைக்கறை, சோடா உப்புப் போட்டாலும் போகாது, எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது. இடுப்பில் செருகுகிற இடத்தில்தான் அதிகம். வாழைத்தார் இடுப்பில் எப்படி வந்து படும் என்று ஒருதரம் யோசித்தாள், கேட்கவில்லை. கேட்டால் எதற்கும் ஒரு பதில் இருக்கும். அப்போதுதான் பின்கதவின் கொண்டி மெதுவாக நீங்குகிற சத்தம் கேட்டது.

அவர்தான். பக்கென்றது அவளுக்கு, போச்சு, இனிமேல் திருடன் வந்தாற்போலத்தான். சந்துக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம், தினமும் அவர்தான் முதலில் எழுந்து வாளியை வைப்பார். பத்து வருஷப் பழக்கம், அந்த ஒரு வேலையையும் அவரிடமிருந்து பிடுங்க வேண்டாம் என்று விட்டுவைத்திருந்தாள். கை சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. வெற்று மார்பு, தோளில் துண்டு, கால் ஒவ்வொரு அடிக்கும் முன்னே போய்த் தரையைக் கேட்டுவிட்டு வந்தது. இங்கே இருக்கிறேன், மிதித்துவிடாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவர் குழாயைத் தாண்டினார். வாளியைத் தாண்டினார். செடிக்கு முன்னால் வந்து நின்று, துண்டை எடுத்து மதில் மேல் போட்டார். அவருடைய முழங்கால் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. தலைக்குத் தேய்த்த நல்லெண்ணெய் வாசம் வந்தது. தலையைத் திருப்பி, நேராக அவள் இருந்த பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டார், அகப்பட்டுக்கொண்டோம் என்று அவள்தான் நினைத்தாள், குற்றம் செய்தவள் மாதிரி. அந்தப் பார்வை அவள் முகத்தில் நிற்கவில்லை. கல்லைத் தடவி, சுவரைத் தடவி, அவளைக் கல்லோடு கல்லாக எண்ணிக்கொண்டு திரும்பிப் போயிற்று. பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கையாலும் அடியிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு கிளையாக, கவட்டில் விரலை விட்டு, இலையை ஒதுக்கி, பிள்ளைக்குப் பேன் பார்க்கிற பொறுமையோடு. நேற்று அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு, குனிந்து, கழுத்து வலிக்கத் தேடிக் கண்டுபிடித்த அந்த இரண்டு மொட்டையும் அவர் விரல் ஒரு நொடியில் கண்டுகொண்டது. கிள்ளினார். அடுத்ததையும் கிள்ளினார். இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டார்.

கத்த வேண்டும். எழுந்து நின்று தலையில் அடித்துக்கொண்டு கத்த வேண்டும், டீச்சர் எழுந்து வரட்டும், மாடிப் பையன் எழுந்து வரட்டும், தெருவே வரட்டும், பாருங்கள் இந்த மனுஷனை, வேலியே பயிரை மேய்கிற கதையைப் பாருங்கள், அரிசித் தண்ணி என்ன, வெங்காயத் தோல் என்ன, சாணி அள்ளின கை என்ன, சித்திரையிலிருந்து நான் பட்ட பாடெல்லாம் தெரிந்துகொண்டே சாயங்காலம் ஆனால், "என்ன ஒலகு, ஒன் செடி ஏதாவது கண்ணு தொறந்திச்சா?" என்று கேட்டாரே, அந்த வாயைப் பாருங்கள். எழப் போனாள், வளையல் கலகலத்தது, அவர் சட்டென்று நின்றார். "யாரு?" என்றார். இவ்வளவு பக்கத்தில் இருக்கிறவளை, முப்பத்தைந்து வருஷம் கூட இருந்தவளை, யாரு என்று கேட்டார். பஸ்ஸில் ஏறின ஆளைக் கேட்கிற அதட்டல் இல்லை அது. இருட்டறையில் விட்ட பிள்ளையின் குரல். அவள் வளையலை மற்றக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூச்சு விடவில்லை. ஓரம் மங்கல் என்றீர்களே. ஓரமா? நான் ஓரமா? எவ்வளவு போயிருக்கிறது, ஐயோ, எவ்வளவு போய்விட்டிருக்கிறது, இதை மறைத்துக்கொண்டா தினமும் முருகையா கடைக்கு ரோட்டைத் தாண்டிப் போனார். அவர் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு, பூனை என்று நினைத்தாரோ என்னவோ, குழாயடிக்குப் போய் விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நந்தியாவட்டைப் பால் தண்ணீரில் போகாது. கழுவின கையை இடுப்பு வேட்டியில் துடைத்துக்கொண்டு, வாளியை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். துண்டு மதில் மேலேயே கிடந்தது, அதை மறந்துவிட்டார்.

அவள் அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தால் மூக்குதான் முதலில் ஒழுகும். முந்தானையால் சிந்திக்கொண்டாள். துண்டை எடுக்கப் போனவளின் முகத்தில், மதிலுக்கு மேலிருந்து நீண்டு தொங்கிய டீச்சர் வீட்டுக் கிளை இடித்தது. வழக்கம்போல் கொள்ளாமல் பூத்திருந்தது. ராத்திரி மலர்ந்த பூ, பனியோடு, ஐந்து இதழும் ஒரே பக்கமாகத் திரும்பிய வெள்ளை. நேர்ச்சைக்கு இரவல் பூ ஆகாது என்று அவளும் இத்தனை நாள் அந்தக் கிளையைத் தொட்டதில்லை, உதிர்ந்ததைப் பெருக்கியதோடு சரி. பிள்ளையாரே, தப்பு என்றால் என் தலையில் போடு, என் கண்ணிலேயே போடு என்று சொல்லி ஒன்றைக் கிள்ளினாள். காம்பில் பால் துளிர்த்தது. சேலையில் துடைத்தாள். கறை பட்டால் படட்டும். உள்ளே போய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் பூவை ஒரு நொடி பிடித்துக் காட்டினாள், பிள்ளையார் வேண்டாமென்று சொல்லவில்லை. பாலைக் காய்ச்சினாள். பீரோவைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டாள். டாக்டர் சீட்டைப் பையில் வைத்தாள். பிறகு காப்பியோடு போய் அவருக்கு முன்னால் நின்றாள். அவர் மேஜையில் தாளம் போட்டு டம்ளரைத் தேடி எடுத்துக்கொண்டார். நகக்கண்ணில் பால் காய்ந்து பழுப்பாக இருந்தது.

"செடி பூத்துட்டு" என்றாள்.

டம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் காத்திருந்தாள். எப்படிச் சொல்வார்? இல்லையே, இப்போதுதான் ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன் என்றா? இடுப்பு மடிப்பில் இருக்கிற மொட்டை எடுத்துக் காட்டியா?

"எங்கிட்டு?" என்றார் கடைசியில்.

"மதிலை ஒட்டுனாப்ல, மேல. நல்லா விரிஞ்சிருக்கு. பிள்ளையாருக்குக் காட்டிட்டேன். இந்தாங்க."

உள்ளங்கையில் வைத்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பெருவிரலால் இதழை ஒவ்வொன்றாகத் தடவினார். காம்பின் முனைக்கு வந்ததும் விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அந்த விரலுக்கு அந்தச் செடியில் தெரியாதது ஒன்றுமில்லை என்பது இப்போது அவளுக்குத் தெரியும். கேட்கப் போகிறார், இது யார் வீட்டுப் பூ என்று கேட்கப் போகிறார், கேட்டால் நானும் கேட்பேன், இன்றைக்கு இந்த வீடு இரண்டுபடத்தான் போகிறது என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கேட்கவில்லை. பூவை வலது கண்ணில் ஒத்திக்கொண்டார். இடது கண்ணில் ஒத்திக்கொண்டு அங்கேயே வைத்திருந்தார். அதை எடுத்தபோது பூ நனைந்திருந்தது, பனி எப்போதோ காய்ந்துபோயிருந்தது.

"ஒண்ணு தப்பிட்டு போலிருக்கு" என்றார்.

திட்டுவதற்கென்று அவள் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"ஆமா" என்றாள். "தப்பிட்டு. எந்திரிங்க, வெள்ளச் சட்டைய எடுத்து வச்சிருக்கேன்."

அவர் எழுந்தார். நாற்காலியைப் பிடிக்கவில்லை, சுவரைத் தேடவில்லை. கையை நீட்டினார். கை அவள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தில் நீண்டு காத்திருந்தது. உலகம்மாள் நகர்ந்து, அந்த இடத்தில் போய் நின்றுகொண்டாள்.